பினாங்கில் எட்டு நாள்: ஒரு தோள்பையும் இரண்டு ரதங்களும்

முதல் நாள், பிப்ரவரி 5, 2025, புதன்

மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் இறங்கி, பையைத் தோளில் மாட்டிய அடுத்த நொடி இடது பக்க வார் பிய்ந்துவிட்டது. பதினோரு கிலோ. "இமயமலைக்கே தூக்கிட்டுப் போகலாம் சார்" என்று திருநெல்வேலியில் கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்த பை. இமயமலையை விடுங்கள், கோலாலம்பூரிலிருந்து நாலு மணி நேரச் சொகுசு ரயிலையே அது தாங்கவில்லை. மிச்சமிருந்த ஒற்றை வாரில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்தபடியே ஃபெரித் துறைக்கு நடந்தேன்.

சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் டிசம்பரில்தான் தொடங்கியது. நான் கோலாலம்பூர் டிக்கெட்டை அதற்கு முன்பே எடுத்துவிட்டேன். அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. தீவுக்கு இரண்டு பாலங்கள் இருந்தாலும், முதல் முறை வருகிறவர் கடல் வழியாக வருவதுதான் மரியாதை. இருபது நிமிடத்துக்குள் கடலைத் தாண்டிவிடலாம். கொம்தார் கோபுரம் மெல்லப் பெரிதாகிக்கொண்டே வரும், அதன் காலடியில் ஓட்டுக்கூரை வீடுகள் கூட்டமாகத் தெரியும்.

வருகிறவர்களுக்கு ஒரு தகவல், 2025 பிப்ரவரி நிலவரப்படி: இந்தியர்களுக்கு முப்பது நாள் வரை விசா தேவையில்லை, இணையத்தில் வருகைப் படிவம் நிரப்பினால் போதும். ஒரு ரிங்கிட் ஏறக்குறைய இருபது ரூபாய். இங்குள்ள தமிழர்கள் ரிங்கிட் என்று சொல்வதில்லை, 'வெள்ளி' என்கிறார்கள். "பத்து வெள்ளி, தம்பி" என்று முதல் ஆள் சொன்னபோது, பத்து கிராமா பத்துக் கிலோவா என்று விழித்தேன்.

தங்குமிடம் சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. எட்டுப் பேர் படுக்கும் அறையில் மேல்படுக்கை, ஒரு ராத்திரிக்கு நாற்பத்தைந்து வெள்ளி. விடுதியை நடத்துகிறவர் அறுபது வயது தாண்டிய சீன அம்மா. என் பையை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். "இன்றைக்கு வந்தது நல்லது. ராத்திரி தூங்காதே, படகுத்துறை ஜெட்டிக்குப் போ" என்றார் ஆங்கிலத்தில்.

சீனப் புத்தாண்டு ஜனவரி 29 அன்றே வந்துவிட்டது, எல்லாம் முடிந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் பினாங்குச் சீனர்களில் பெரும்பாலோர் ஹொக்கியன் மக்கள். அவர்களுக்குப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள், வானுலகப் பேரரசரின் பிறந்தநாள், புத்தாண்டைவிடப் பெரிது. முன்னொரு காலத்தில் எதிரிகள் துரத்த, அவர்களுடைய மூதாதையர் கரும்புத் தோட்டத்துக்குள் ஒளிந்து பிழைத்து, ஒன்பதாம் நாள் வெளியே வந்தார்களாம். அதனால் படையலில் கரும்பு கட்டாயம். ஹொக்கியனில் கரும்பு 'கம் ச்சியா', நன்றி 'கம் சியா'வுக்கு மிக நெருக்கமான ஒலி. என் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்தன. அம்மா இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்காட்டிவிட்டு, என்னைத் தேறாத கேஸ் என்று கைவிட்டார்.

இரவு பத்து மணிக்கு சியூ ஜெட்டி. கடலுக்குள் மரக்கால் ஊன்றிக் கட்டிய வீடுகள், நடுவே பலகைப் பாதை. சியூ என்ற ஒரே குலப்பெயர் கொண்டவர்களின் குடியிருப்பு இது. வாசலில் சிவப்புத் துணி விரித்த மேசைகள் வரிசையாகக் கிடந்தன. முழுப் பன்றி வறுவல், அன்னாசி, ஆமை வடிவச் சிவப்புப் பலகாரம், இரண்டு ஓரங்களிலும் தோகையோடு முழுக் கரும்பு. பொங்கல் முடிந்து மூன்று வாரம்கூட ஆகாத எனக்கு அந்தக் கரும்புக் கட்டைப் பார்த்ததும் ஊர் வாசல் ஞாபகம் வந்தது. பன்றியைப் பார்த்ததும் அந்த ஞாபகம் கலைந்தது. நள்ளிரவு கடந்ததும் தங்க நிறக் காகிதங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். கரும்பையும் அதிலேயே போட்டார்கள். பட்டாசு காதைப் பிளந்தது. பக்கத்தில் நின்ற பாட்டி எதுவுமே நடக்காதது போல ஊதுவத்தியைத் தலைக்கு மேல் பிடித்துக் கண்ணை மூடியிருந்தார்.

படுக்கைக்கு வரும்போது மணி இரண்டரை. சட்டையெல்லாம் புகை வாசம்.

இரண்டாம் நாள், வியாழன்

பத்து மணிக்கு எழுந்து தெருவுக்கு வந்தால், தேத்தண்ணீர் கடையில் ஒருவர், "பசியாறியாச்சா?" என்றார். காலை உணவுக்கு இங்கே அதுதான் சொல். பசியாறுதல். டிஃபன் சாப்பிட்டாச்சா என்று கேட்டே பழகிய எனக்கு, யாரோ பழைய காலத்திலிருந்து எழுந்து வந்து விசாரித்த மாதிரி இருந்தது. இல்லை என்றேன். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் வந்தன. நம் பரோட்டாவின் தம்பிதான் ரொட்டி சானாய், கொஞ்சம் மெல்லியது. தேநீர் ஆற்றும் வித்தை நமக்குப் புதிதல்ல, பாலுக்குப் பதில் கெட்டிப்பால் ஊற்றுவதுதான் வித்தியாசம். ஒரு கிளாஸுக்கு மேல் குடித்தால் பல் கூசும்.

ஆனால் இன்றைய நாள் மதியச் சோற்றுக்குச் சொந்தம்.

'நாசி கந்தார்' என்ற பெயரை முதலில் கேட்டபோது என் காதில் விழுந்தது கந்தன்தான். நாசி என்றால் மலாயில் சோறு. கந்தார் என்றால் தோளில் காவுதடி வைத்துச் சுமப்பது. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு நீளக் கம்பின் ஒரு முனையில் சோற்றுப் பானை, மறு முனையில் கறிப் பானைகள் என்று தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்குத் தெருத்தெருவாகச் சுமந்து விற்றார்கள். அந்தக் கம்பின் பெயர்தான் இன்று சோற்றின் பெயர்.

காவடி என்பதும் அதே கம்பு அல்லவா? கா என்றால் தோளில் சுமக்கும் தடி. இடும்பன் இரண்டு மலைகளை இரண்டு முனையில் கட்டித் தூக்கியதுதான் முதல் காவடி என்று பழனியில் சொல்வார்கள். ஒரு ஊரில் அதே கம்பின் இரண்டு முனையிலும் மலை தொங்குகிறது, இன்னொரு ஊரில் சோறும் கறியும் தொங்குகின்றன. எனக்கு இரண்டிலும் பக்தி உண்டு.

கேம்பல் தெருவில் 1907 முதல் நடக்கும் ஹமீதியாவின் முன்னால் நீண்ட வரிசை. நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் கோழிப் பொரியல், ஆட்டுக் குழம்பு, கணவாய், என் முழங்கை நீளத்துக்கு மீன் சினை, வெண்டைக்காய். எதைக் கேட்டாலும் பரிமாறுகிறவர் கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்: "பஞ்சிர்?" பஞ்சிர் என்றால் வெள்ளம். ஆமாம் என்று தலையாட்டினால் நாலைந்து குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிச் சோற்றை மூழ்கடிப்பார். ஆடு, கோழி, மீன் என எல்லாக் குழம்பும் ஒரே தட்டில் கலப்பதை என் அம்மா பார்த்தால் எழுந்தே போய்விடுவார். ஆனால் ருசியின் ரகசியமே அந்தக் கலப்பில்தான் இருக்கிறது. தனித்தனியாக எந்தக் குழம்பும் பிரமாதம் இல்லை, சேர்ந்தால் ஆளைக் கவிழ்க்கும். ஒரு எச்சரிக்கை: எந்த நாசி கந்தார் கடையானாலும் மீன் சினையைக் கைகாட்டும் முன் விலை கேளுங்கள். நான் கேட்கவில்லை.

மாலையில் கெங் குவீ சந்தில் செண்டோல். பனங்கருப்பட்டி போன்ற பாகு, தேங்காய்ப்பால், பச்சை நிறத்தில் புழு போல மாவுத் துண்டுகள், நடுவில் ஐஸ். நின்றுகொண்டே குடித்துவிட்டு, கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடியும் வரிசையில் போய் நின்றேன்.

மூன்றாம் நாள், வெள்ளி

ஒற்றை வாரோடு இனி முடியாது. குட்டி இந்தியாவில் பை தைப்பவரைத் தேடினேன். மார்க்கெட் தெருவில் கேசட் காலத்துப் பாட்டு, மல்லிகைச் சரம், வடைச்சட்டி. ஒவ்வொரு கடை வாசலுக்கும் முன்னால் கூரையோடு கூடிய ஐந்தடி நடைபாதை ஒன்று உண்டு. மலாயில் அதன் பெயரே ஐந்தடி, காக்கி லீமா. அப்படியொரு நடைபாதையில், தையல் மிஷினோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுபது இருக்கும். பையை வாங்கிப் பார்த்துவிட்டு, "யாரு தச்சது இத? நூலே போடலையே" என்றார்.

அவர் தைக்கும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இங்க வந்தா தமிழ்நாட்டுலயே இருக்கற மாதிரி இருக்குங்கய்யா" என்றேன். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவர் மிஷினை நிறுத்தவில்லை. "அங்கேருந்து வர்றவங்க எல்லாரும் அதத்தான் சொல்றாங்க தம்பி. இது பினாங்கு மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. யோசித்தால், வந்த முதல் நாளிலிருந்தே நான் எதைப் பார்த்தாலும் ஊரில் அதற்கு ஒரு ஜோடி தேடிக்கொண்டிருக்கிறேன். அவருடைய தாத்தா பிறந்ததும் இந்தத் தீவில்தானாம். அவர் தமிழ்நாட்டைப் பார்த்தது ஒரே முறை, பழனிக்குப் போனபோது. "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரே கூட்டம்."

திங்கட்கிழமை ரதம் புறப்படும் என்று அவர்தான் சொன்னார். காவடி எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "நான் எடுத்ததே இல்ல. அப்பா எடுத்தாரு, அவருக்கு ஸ்டூல் தூக்கிட்டுப் போனேன். இப்ப பையன் எடுக்கறான், அவனுக்கும் நான்தான் ஸ்டூல்." பெரிய காவடி எடுப்பவர் வழியில் நின்று ஓய்வெடுக்க ஒரு முக்காலி வேண்டும். அதைச் சுமந்துகொண்டு பின்னாலேயே ஒருவர் வர வேண்டும். ஐம்பது வருஷமாக அந்த வேலை இவருக்கு.

எட்டு வெள்ளி கேட்டார். பத்து கொடுத்தேன், இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் கால் போன போக்கில் நடந்தேன். ஒரே சாலையில் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்று வரிசையாக வருகின்றன. அடுத்த தெருவில் 1833ஆம் ஆண்டு மகாமாரியம்மன் கோயில். பள்ளிவாசலைக் கட்டிய காதர் மொகுதீன் நம் பரங்கிப்பேட்டையிலிருந்து போனவர். பிரிட்டிஷார் அவரைத் தமிழ் முஸ்லிம்களுக்குத் தலைவராக்கி 'கப்பித்தான்' பட்டம் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை என்பதால் ஜும்மா முடியும் வரை வெளியே நின்றேன். பிறகு உள்ளே போய்க் குளிர்ந்த தரையில் கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். சூலியா தெரு என்ற பெயரே தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கும் சொல்தான். அதே தெருமுனையில் ஒரு சின்ன நாகூர் தர்காவும் உண்டு. பார்த்தீர்களா, மறுபடியும் ஜோடி தேட ஆரம்பித்துவிட்டேன்.

ஆர்மீனியன் தெருச் சுவரில் சைக்கிள் ஓட்டும் இரு குழந்தைகளின் ஓவியம் மிகப் பிரபலம். லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் 2012இல் வரைந்தது. படம் எடுக்க முப்பது பேர் காத்திருந்தார்கள். நான் அந்த முப்பது பேரைப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான்காம் நாள், சனி

204ஆம் எண் பேருந்தில் ஆயர் ஈத்தாம். காசாகக் கொடுத்தால் சில்லறை திரும்ப வராது, சரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தைப் பக்கம் ஆசாம் லக்சா. இதை எப்படி விளக்குவது? புளிப்பான மீன் குழம்பில் தடித்த அரிசி நூடுல்ஸ். குழம்பில் கானாங்கெளுத்தி வகை மீனை உதிர்த்துப் போட்டிருப்பார்கள். மேலே வெள்ளரி, அன்னாசி, புதினா, 'புங்கா காந்தான்' என்ற இஞ்சிப் பூ. தட்டில் வரும் கரண்டியில் கறுப்பாக ஒரு கூழ் இருக்கும், அது இறால் விழுது. முகர்ந்து பார்க்காமல் கலக்கிவிட வேண்டும். நான் முகர்ந்தேன். திருநெல்வேலிச் சந்தையில் கருவாட்டுக் கடையைக் கடக்கும்போது மூக்கைப் பொத்துபவர்கள் கொஞ்சம் தயங்குவார்கள். நான் பொத்துகிற ஆள் இல்லை, ஆனாலும் தயங்கினேன். முதல் வாய் குழப்பம், மூன்றாம் வாயில் பிடிபட்டது, கிண்ணம் காலியானபோது மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். எட்டு நாளில் சாப்பிட்டதிலேயே ஒன்றைச் சொல் என்றால், நாசி கந்தார் என்று சொல்லத் தோன்றும், ஆனால் ஆசாம் லக்சா என்றுதான் சொல்வேன்.

மாலையில் கேக் லோக் சி கோயில். மலைச்சரிவு முழுக்கக் கோபுரங்களும் மண்டபங்களும். புத்தாண்டுக் காலம் என்பதால் ஆயிரக்கணக்கான விளக்குகள், இருட்டியதும் மலையே மஞ்சளும் சிவப்புமாகத் திரண்டு நிற்கிறது. உச்சியில் 30 மீட்டர் உயர வெண்கலக் குவான் யின். படம் எடுத்தேன், ஒன்றும் சரியாக வரவில்லை.

ஐந்தாம் நாள், ஞாயிறு

வயிறு. லக்சாவா, அதற்குப் பிறகு ராத்திரி பத்து மணிக்கு ஒரு தெருக்கடையில் குச்சி குச்சியாக எடுத்துத் தின்றதா என்று தெரியவில்லை. விடுதி அம்மா கேட்காமலே வெள்ளைக் கஞ்சியும் உப்பு முட்டையும் கொண்டுவந்து வைத்தார். "நாளைக்குத் தேரைப் பார்க்க வேண்டாமா? தூங்கு." தூங்கினேன். இன்று எழுத வேறொன்றும் இல்லை.

ஆறாம் நாள், திங்கள்

விடிவதற்கு முன்பே பினாங்கு தெரு நிறைந்திருந்தது. நகரத்தாரின் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும் நாள், செட்டிப் பூசம். இந்த ரதம் காரைக்குடியில் செய்து, 1894இல் கப்பலில் வந்தது. நூற்று முப்பது வருஷமாக ஆண்டுக்கு ஒரு முறை முருகனை ஏற்றிக்கொண்டு தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறது. 2017 முதல் தங்க ரதமும் உண்டு. மகாமாரியம்மன் கோயிலிலிருந்து கிளம்பி வேலைச் சுமந்து செல்கிறது. இரண்டு ரதங்களும் ஒரே நாளில் போவதால் இந்த ஊர்த் தமிழர்களிடம் எந்த ரதம் பெரிது என்று கேட்கக் கூடாது. நான் கேட்டேன். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள், மூன்றாமவர் "சாப்பிட்டீங்களா?" என்று பேச்சை மாற்றினார்.

ரதத்துக்கு முன்னால் செட்டியார்கள் மயிற்பீலிக் காவடியோடு ஆடிக்கொண்டு போனார்கள். அலகு இல்லை, ஆர்ப்பாட்டமும் அதிகம் இல்லை. வெள்ளை வேட்டி, ஒரே சீரான காலடி.

நான் வந்தது தேங்காய்க்காக. ரதம் போகும் பாதை நெடுக, சாலையோரம் தேங்காய் மலைகள். ஒரு வீட்டு முன் நூறு, ஒரு கடை முன் ஐந்நூறு, சில இடங்களில் லாரியிலிருந்து கொட்டிய குவியல். அவற்றின் பின்னால் நின்றவர்களில் பாதிக்கு மேல் சீனர்கள். குடும்பத்தோடு வந்து, ஊதுவத்தி ஏற்றி, காலணியைக் கழற்றிவிட்டு ரதத்துக்காகக் காத்திருக்கிறார்கள். வியாபாரம் நன்றாக நடந்தால், பிள்ளை பரீட்சையில் தேறினால், உடம்பு சரியானால் இத்தனை தேங்காய் என்று முருகனிடம் நேர்ந்துகொண்டவர்கள்.

டத்தோ கிராமாட் சாலையில் ஒரு சீனக் குடும்பத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். தாத்தா, மகன், மருமகள், ரப்பர் கையுறையோடு இரண்டு பேரப்பிள்ளைகள். ரதம் ஒவ்வொரு சந்திலும் அர்ச்சனைத் தட்டுக்கு நின்று நின்று வந்தது. தூரத்தில் மேளம் கேட்டதும் யாரோ விசிலடித்த மாதிரி சாலை முழுக்க ஒரே நேரத்தில் தொடங்கியது. இரண்டு கையாலும் எடுத்துத் தாரில் அடிக்கிறார்கள். சத்தம் தனித்தனியாகக் கேட்கவில்லை, ஆலங்கட்டி மழை போல ஒரே சடசடப்பு. இளநீர் முழங்கால் வரை தெறித்தது. தாத்தா என் கையில் ஒரு தேங்காயைத் திணித்துச் சாலையைக் காட்டினார். நான் ஊர்ப்பிள்ளையார் கோயில் பழக்கத்தில் பவ்யமாகப் போட்டேன். உருண்டு போய்விட்டது. பேரப்பிள்ளை சிரித்துக்கொண்டே அதை எடுத்துவந்து தலைக்கு மேல் தூக்கி அடித்துக் காட்டினான். இரண்டாவது எனக்கும் உடைந்தது.

ரதம் கடந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, நகராட்சி ஆட்கள் வாரும் இயந்திரத்தோடு வந்துவிட்டார்கள். சாலை முழுக்க வெள்ளைச் சில்லு, புளித்த இனிப்பு வாசம். வழுக்கும், செருப்பு போட்டிருந்தாலும் பார்த்து நடக்க வேண்டும். அந்தத் தாத்தா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரதம் போன திசையை ஒரு முறை கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

ரதம் தண்ணீர்மலை போய்ச் சேர ராத்திரி ஆகும். நான் பாதியிலேயே திரும்பிவிட்டேன்.

ஏழாம் நாள், செவ்வாய், தைப்பூசம்

நாலரைக்கு எழுந்து நடந்தே போனேன். தண்ணீர்மலைச் சாலையில் பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கி. ஒரு பந்தலில் பக்திப் பாட்டு, அடுத்ததில் உறுமி மேளம், நடுவில் நிற்கிறவர் காதுக்கு இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு பாட்டு. மோர், ரோஜா சிரப், கொண்டைக்கடலை, சோறு என்று எல்லாம் இலவசம். வேண்டாம் என்றால் விடமாட்டார்கள். ஏழு மணிக்குள் மூன்று முறை பசியாறிவிட்டேன்.

கோலாலம்பூர் பக்கத்துப் பத்துமலையைத்தான் உலகம் படம் எடுக்கிறது. 42.7 மீட்டர் முருகன், 272 படிகள். இங்கே படிகள் 513. மலைமேல் இப்போதிருக்கும் பெரிய கோயிலுக்கு 2012இல் குடமுழுக்கு நடந்தது. வெறுங்காலோடு ஏறினேன். பால்குடம் எடுத்த பெண்கள், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகள், கன்னத்தில் வேல் குத்திய ஒரு சீன இளைஞர். அவருடைய அம்மா பக்கத்திலேயே தண்ணீர்ப் போத்தலோடு.

எல்லாரும் காவடியைப் பார்த்தார்கள். தையற்காரப் பெரியவர் சொன்னதிலிருந்து என் கண் காவடிக்குப் பின்னாலேயே போனது. மயில்தோகையும் வளைவுகளுமாக ஓர் ஆள் உயரக் காவடி ஆடி வரும். இரண்டடி பின்னால் ஒருவர் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலோடு வருவார். காவடிக்காரர் தள்ளாடும் கணத்துக்கு முன்பே ஸ்டூல் அங்கே இருக்கும். அவர் உட்கார்ந்ததும் ஒருவர் விசிறுவார், ஒருவர் காலில் எலுமிச்சை வைத்துத் தேய்ப்பார், ஒருவர் "வேல் வேல்!" என்று கத்துவார். ஸ்டூல்காரர் மட்டும் எங்கும் பார்க்காமல், காவடிக்காரரின் முழங்காலையே பார்த்துக்கொண்டு நிற்பார். மடங்குகிறதா, நிமிர்கிறதா என்பதுதான் அவர் கவலை. அப்படி ஒரு நாற்பது ஸ்டூலாவது பார்த்திருப்பேன். மரம், இரும்பு, ஒன்று பழைய பால் கூடை. பத்து வயதுப் பையன் ஒருவன் தன்னைவிடப் பெரிய ஸ்டூலைத் தலையில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு போனான்.

பெரியவரைத் தேடினேன். அந்தக் கூட்டத்தில் கிடைப்பாரா?

இறங்கும்போது தார் சுட ஆரம்பித்திருந்தது. கடைசி அரைக் கிலோமீட்டர் நான் நடந்த நடை காவடி ஆட்டத்துக்குக் குறைந்ததில்லை.

எட்டாம் நாள், புதன்

ஒரே இரவில் இரண்டு விழா. இன்று சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள், சாப் கோ மே. அதே இரவில்தான் ரதமும் மலையிலிருந்து வீடு திரும்புகிறது. இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான், முழுநிலா.

பகலில் பாலிக் புலாவ் போய் ஜாதிக்காய்ச் சாறு குடித்ததைத் தவிர வேறொன்றும் இல்லை. நல்ல சாறு. போகவர ஆன நேரத்துக்கு அது ஈடாகுமா என்பது சந்தேகம்.

எட்டு மணிக்குக் கடற்கரைத் திடல். கல்யாணமாகாத பெண்கள் நல்ல கணவன் வேண்டிக் கடலில் ஆரஞ்சு எறியும் நாள் இது. இப்போது பழத்தின் மேல் தொலைபேசி எண்ணும் எழுதி எறிகிறார்கள். கீழே எடுக்க வலையோடு பையன்கள். நான்கு தோழிகள் ஒருத்தியைத் தள்ளித் தள்ளி முன்னால் கொண்டுவந்தார்கள். அவள் எறிந்த பழம் கடலுக்குப் போகாமல் தடுப்புச் சுவரில் பட்டு என் காலடிக்கு வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் எடுத்துக் கொடுத்தேன். ஐந்து பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பு திடல் முழுக்கக் கேட்டிருக்கும். இரண்டாவது எறி நன்றாகவே போனது. போகும்போது அவர்களில் ஒருத்தி பைக்குள்ளிருந்து வேறொரு ஆரஞ்சை எனக்குக் கொடுத்தாள். எண் எழுதாதது.

அங்கிருந்து மார்க்கெட் தெருவுக்கு வந்தபோது மணி பதினொன்றரை. கடைகள் மூடவில்லை. ரதம் எங்கே வருகிறது என்று ஆளாளுக்குக் கைபேசியில் பார்த்துச் சொன்னார்கள். இன்னும் தண்ணீர்மலைச் சாலையிலேயே இருக்கிறது என்றார் ஒருவர். இல்லை, டத்தோ கிராமாட் தாண்டிவிட்டது என்றார் இன்னொருவர். நாளைக் காலை எனக்கு ஃபெரி. ஏழு மணி நேரமாவது தூங்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

ஐந்தடி நடைபாதையில் தையல் மிஷினுக்குத் துணி போர்த்தியிருந்தது. பக்கத்தில் பெரியவர் நின்றிருந்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"பையன் நல்லபடியா முடிச்சானாங்கய்யா?"

"முடிச்சான். நாப்பதாவது படியிலயே ஒரு தடவ உட்காந்துட்டான். எங்கப்பா எல்லாம் அப்படி இல்ல." பிறகு என் தோளைப் பார்த்தார். "வார் நிக்குதா?"

நிற்கிறது என்றேன். ஆரஞ்சை உரித்துப் பாதி கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். கதவுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சிவப்பு ஸ்டூலை இழுத்து எனக்கு முன்னால் போட்டார்.

"உட்காருங்க தம்பி. ரதம் வர இன்னும் நேரம் ஆகும்."